விழா நாளில் ஜெயித்த வழக்கு

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தக் கிளம்பிய நாலைந்து வக்கீல்களில் நானும் ஒருவன். ஃபீஸ் கிடையாது. கட்சிக்காரர் வாங்கித் தரும் டீயைக்கூட வேண்டாம் என்போம், அவ்வளவு உத்தமர்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இதைக் கேட்டு உருகிப்போய், தன் நாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதி எங்களுக்கு நிதி வாங்கிக் கொடுத்தார்.

நிதியோடு நிபந்தனையும் வந்தது. விழிப்புணர்வு விழா நடத்தலாம், பேனர் கட்டலாம், பொன்னாடை போர்த்தலாம், வடை பாயசத்தோடு சாப்பாடு போடலாம். ஆனால் வழக்குக்கு ஸ்டாம்பு வாங்கக் கூடாது, கட்சிக்காரருக்கு பஸ் காசு தரக் கூடாது. அதெல்லாம் தனிநபர் உதவியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயசம் மட்டும் பொதுநலமா என்று கேட்டேன்.

எங்களிடம் இருந்த உருப்படியான வழக்கு ஒன்றே ஒன்று. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவின் வழக்கு. பௌர்ணமிக் கூட்டம் பெருகியதும், அதுவரை நாய்கூடச் சீந்தாத அந்த இடத்துக்கு ஒரு லாட்ஜ்காரர் திடீரென்று சொந்தக்காரராக முளைத்தார். காலி செய்யச் சொல்லி வழக்கும் போட்டார். கடைக்குப் பின்னால்தான் அந்த அம்மாவுக்கு வீடு. தோற்றால் அடுப்பும் பாயும் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும்.

நிதி கொடுத்தவர்கள் எங்கள் சேவையை நேரில் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காக வைத்த விழா நாளும் வழக்கு நாளும் ஒன்றாக விழுந்துவிட்டன. பயனடைந்த ஏழை ஒருவர் மேடையில் உட்கார வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், அந்த அம்மாவும் கோர்ட்டுக்குப் போகாமல் விழாவிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. நம்மால் வர முடியாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலிடமே சொல்லிவிடலாம். அவரே எழுந்து நமக்கும் சேர்த்து வாய்தா வாங்கிவிடுவார். லாட்ஜ்காரரின் வக்கீலிடம் சொன்னேன்.

"நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார்.

விழாவில் அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தபோது முன்வரிசையைப் பார்த்தேன். லாட்ஜ்காரரின் வக்கீல் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கிப் போய், கோர்ட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"வக்கீலுங்க எல்லாருக்கும் பொன்னாடைன்னாங்க. நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்? கோர்ட்ல உங்க ஆளுங்க யாராச்சும் இருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பந்தியில் இருந்தார்கள். லாட்ஜ்காரர் மட்டும் கோர்ட்டுக்குப் போயிருந்தால் தீர்ப்பு அவர் பக்கம்தான். அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் பொன்னாடையைக் கழற்றாமல், "வீடு போயிடுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வேகமாகப் போகச் சொல்லி டிரைவரை அதட்டினேன்.

கோர்ட் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கூப்பிட்டாங்க. ரெண்டு பக்கமும் யாரும் வரல. போட்டவரே வரலன்னா கேஸு தள்ளுபடிதானே" என்றார்.

லாட்ஜ்காரரும் தன் வக்கீலை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆக, ஜெயித்துவிட்டோம். எத்தனையோ நாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டி நான் தயாரித்த வாதம் பையிலேயே கிடந்தது. விழாவுக்கு வந்தவர்கள் விஷயம் தெரிந்து கைதட்டினார்கள். சேவையின் வெற்றி என்று எழுதிக்கொண்டு போய் அடுத்த வருஷத்துக்கும் நிதி அனுப்பினார்கள், அதே நிபந்தனையோடு.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தள்ளுபடியான வழக்கை மறுபடியும் விசாரணைக்கு எடுக்கச் சொல்லி லாட்ஜ்காரர் மனுப் போட்டிருந்தார்.

"இந்த தடவை நல்லா வாதாடறேம்மா, பயப்படாதீங்க" என்றேன்.

"அதெல்லாம் வேணாம் சார். கேஸு வர்ற அன்னிக்கும் ஒரு விழா வெச்சுடுங்க. இட்லி நான் போடறேன். வக்கீலுங்க ஒருத்தர் பாக்கியில்லாம வந்துடணும்" என்றார்.