விருந்துக்கு வந்த ஆட்டக்காரர்

எங்கள் மாமாவிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், இப்படிச் செய்யாதே, வேறு விதமாகச் செய் என்றுதான் அவர் காதில் விழும். அம்மாவுக்கு நேர் இளையவர். எழுபதுகளின் நடுவில் துபாய்க்கு வந்தார். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை கிடைத்தது. ரூம் கிடைக்கும்வரை என்று சொல்லி, பர் துபாயில் துணிக்கடைக்கு மேலே இருந்த எங்கள் ஃபிளாட்டில் தங்கினார். ரூம் கடைசிவரை கிடைக்கவில்லை. பகலில் ஆபீஸ், சாயங்காலத்தில் வாலிபால். ஆடுவதற்கு அல்ல, ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கத்துவதற்கு.

அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு வாலிபால் டீம் இருந்தது. அப்பாதான் அதன் செயலாளர். ஊரை இரண்டாகப் பிரிக்கும் க்ரீக் என்ற கழிமுகத்துக்கு அந்தக் கரையில், தேராவில் இருந்த இன்னொரு கம்பெனியின் டீம் எங்களுக்குப் பரம விரோதி. முந்தின வருஷம் எங்கள் டீமில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரை அவர்கள் பெரிய ரேடியோ ஒன்றைக் கொடுத்துத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அப்பா போட்டி நடத்தும் கமிட்டியிடம் போய் நியாயம் கேட்டார். அப்படிச் செய்யக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையே என்றது கமிட்டி. அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், சட்டம் எழுதினார்.

புதிதாகச் சேர்க்க நினைக்கும் ஆட்டக்காரருக்குக் கம்பெனி வேலை தரலாம். வேறு எதுவும் தரக்கூடாது. அவரை அழைத்து வந்து மைதானத்தைக் காட்டலாம், ஒருவேளை சாப்பாடு போடலாம். முதல் மேட்ச் ஆடும்வரை ரசிகர்கள் அவரைச் சூழ்ந்துகொள்ளவோ, பரிசு கொடுக்கவோ கூடாது. மீறினால் அந்த ஆட்டக்காரர் அந்த வருஷம் யாருக்கும் ஆட முடியாது. கமிட்டி இதை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு. மாமா உள்பட எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வருஷம்தான் செல்லத்துரை வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஊரில் இருந்தபோது அந்தப் பக்கத்துப் போட்டிகளில் எல்லாம் ஆடியவர் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஷார்ஜா பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருந்துகொண்டு, கட்டடங்களுக்கு இரும்புக் குழாய்ச் சாரம் கட்டும் வேலை பார்த்து வந்தார். அவரை எடுத்துக்கொண்டு தங்கள் ஸ்டோரில் வேலை கொடுக்க அப்பாவின் மேனேஜர் சம்மதித்தார். அவருடைய கான்ட்ராக்டரும் ஆளை விட்டுவிடச் சம்மதித்தார். ஒரு வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்து வந்து, சாயங்காலம் மைதானத்தில் ஆடவைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

வியாழக்கிழமையே அப்பா மாமாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உன் கூட்டம் ஒருத்தன்கூடத் தெருவுல நிக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

"தெருவுல யாரும் நிக்க மாட்டாங்க அத்தான்," என்றார் மாமா.

சொன்னபடியே தெருவில் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் மாடிப்படியில் நின்றார்கள்.

ஆபீஸ் பிக்கப்பில் செல்லத்துரையை ஏற்றிக்கொண்டு வந்து அப்பா இறங்கியதும் படியிலிருந்து பிஸ்கட் டின்கள் முழங்கின. அக்கம்பக்கத்து பேச்சலர் ரூம்களில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். செல்லத்துரை ஒல்லியாக, நெடுநெடுவென்று, வெயிலில் கருத்துப்போய் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். இரண்டு பேர் அவரைத் தோளில் தூக்கினார்கள். படிக்கட்டு குறுகல் என்பதால் அவர் தலை மேல்தளத்தில் இடிக்காமல் இருக்கக் குனிந்தபடியே மேலே வந்தார். கீழே துணிக்கடை சேட் வெளியே வந்து, "க்யா தமாஷா ஹை, பாய்?" என்று, இதென்ன கூத்து என்பதுபோல அப்பாவைக் கேட்டார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் என் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டேன்.

அம்மா ஒரு விருந்தாளிக்குச் சமைத்திருந்தார். வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. ஹாலில் இடமில்லாமல் பால்கனியிலும் உட்கார்ந்தார்கள். அம்மா இரண்டாவது முறை அரிசி களைந்தபோது அந்தப் பாத்திரம் போட்ட சத்தம் ஹால்வரை கேட்டது. "எனக்கென்ன, நான் சத்திரம்தானே நடத்துறேன்," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். மாமா உள்ளே போய், "கொஞ்சம் ரசம் மட்டும் கூட இருந்தா போதும்க்கா," என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் ஊருக்கே டிக்கெட் எடுத்திருப்பார்கள்.

செல்லத்துரை மட்டும் எதுவும் பேசாமல் சாப்பிட்டார். ஒருவர் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, விரல் நீளத்தை மற்றவர்களுக்குக் காட்டினார். ஒருவர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, கையை உயர்த்தச் சொல்லி, அது ஃபேனைத் தொடுமா என்று பார்த்தார். சாப்பாட்டுக் கையோடு அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். அப்பா, "அவரைச் சாப்பிட விடுங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். சாவி கொடுக்கத் தேவையில்லாத, கையை ஆட்டினாலே ஓடும் கைக்கடிகாரம். எல்லோருமாகப் பணம் போட்டு வாங்கியது. செல்லத்துரை வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். நாலு பேர் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

அப்பா முகம் சிவந்துவிட்டது. "அதைக் கழட்டு. இப்பவே கழட்டு."

"இது பரிசு இல்ல அத்தான். அன்பு."

"அன்பைக் கடையில பில் போட்டா வாங்குவாங்க?"

அப்பாவே கழற்றி மாமாவிடம் கொடுத்தார். மாமா பவ்யமாக வாங்கிக்கொண்டார். கீழே இறங்கும்போது அதே பவ்யத்துடன் செல்லத்துரையின் சட்டைப் பையில் அதைப் போட்டு, பையை வெளியிலிருந்து தட்டிக்கொடுத்தார். நான் பார்த்தேன். செல்லத்துரை அதை எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் மைதானத்தில் அவர் ஆடியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும். வலைக்கு மேல் எழும்பி, ஒரு நொடி அங்கேயே நின்றுவிட்டு, பந்தை அடித்தார். பந்து மணலில் குழி பறித்தது. அதுவரை பூனைபோல இருந்த மனிதர் ஆட்டத்தில் சிரித்தார், சத்தம் போட்டார், எதிரே இருந்தவர்களைக் கேலிகூடச் செய்தார். அப்பா கோபத்தை மறந்து கைதட்டினார். புது ஆள் யார் என்று பார்க்கத் தேராக்காரர்கள் சிலர் ஓரமாக வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் வாய் திறக்காமல் பார்த்தார்கள். அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள். மாமாவின் கூட்டம் விடவில்லை.

"ரேடியோ குடுத்தீங்களே, இப்ப பாத்தீங்களா? எங்க ஆள்கிட்ட வாட்சே இருக்கு!"

யாரும் உளவு பார்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களே சொன்னார்கள். அதுவும் போதாதென்று டீக்கடைகளிலும் போய்ச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திருச்சூர்க்காரர், மெதுவாகப் பேசுபவர். அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தை எடுத்தார்.

"சார், சட்டம் உங்களோடது. அதனால உங்களிடமே கேட்கறேன். வாட்ச் கொடுத்தோ, இல்லையோ?"

மாமா முந்திக்கொண்டார். "கொடுக்கல சேட்டா. டைம் பாக்க இரவல் குடுத்தோம்."

தலைவர் மாமாவைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவிடம், "அன்னைக்கு உன்கிட்டதானே திருப்பிக் குடுத்தேன். இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். மாமா ஜன்னலைப் பார்த்தார்.

அப்பா தலைவரிடம் திரும்பி, "கொடுத்திருக்காங்க," என்றார்.

செல்லத்துரை இந்த வருஷம் ஆட முடியாது என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனதும் வீட்டில் நடந்த சண்டையைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. டீமுக்கே துரோகம் செய்துவிட்டீர்கள் என்றார் மாமா. உன் கூட்டத்தால்தான் வந்தது என்றார் அப்பா. நான் முழுக்க மாமா பக்கம். கோப்பை போய்விட்டதே என்று அழுதுகொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"நீங்க எழுதின சட்டம் உங்களுக்குப் பெரிசு. இவனுக்கு இவன் கூத்து பெரிசு. கொடுத்தவனை எல்லாம் விட்டுட்டு, வாங்க மாட்டேன்னவனைத் தண்டிக்கிறதா ஒரு சட்டம்? எழுதும்போது இதைக்கூட யோசிக்கலையா?"

அப்பா மறுநாள் மேனேஜரிடம் போய்ப் பேசினார். அதற்கு மறுநாளும் போனார். ஆட முடியாத ஆளுக்கு ஸ்டோரில் எதற்கு வேலை என்று மேனேஜர் கேட்டாராம். கமிட்டியிடமும் போய், தன் சட்டத்தைத் தானே மாற்றச் சொல்லிக் கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

மாமாவின் கூட்டமோ சோர்ந்துபோகவே இல்லை. போட்டி தொடங்கியபோது ஒரு வெள்ளைத் துணியில் செல்லத்துரையின் பெயரை எழுதிக் கட்டினார்கள். அவருக்கு நீதி வேண்டும் என்று கத்தினார்கள். அவர் இல்லாத மைதானத்தில் அவருக்காக அவ்வளவு சத்தம். அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஷார்ஜா தூரம் என்றார்கள்.

அவரே வந்தார், வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். முந்தின நாள் எங்கள் டீம் தேராவிடம் படுதோல்வி அடைந்திருந்தது. அதைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது.

அவர் உட்காரவில்லை. கைக்குட்டையில் சுற்றிய கடிகாரத்தை அப்பாவிடம் கொடுத்தார்.

"அன்னைக்கே உங்ககிட்ட குடுத்திருக்கணும் சார். வேண்டாம்னா அவங்க மனசு சங்கடப்படுமேன்னு பாத்தேன். அவங்களும் பிரியமாத்தான செய்தாங்க."

அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கேம்ப் வண்டி கீழே நிற்கிறது என்று செல்லத்துரை மறுத்தார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ஸ்டோர் வேலைக்கு வேற ஆள் போட்டுட்டாங்களா சார்?"

அப்பா, "ஆமாப்பா," என்றார்.

"சரி சார். சும்மாதான் கேட்டேன். சைட்ல இப்ப வெயில்ல இரும்பைத் தொட முடியல, அதான்."

நான் பொறுக்க முடியாமல், "நேத்து நாம தோத்துட்டோம், தெரியுமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியா பாப்பா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எத்தனைக்கு எத்தனை என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. நாங்கள் இவருக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோம், இவருக்கு ஒரு வேலையைப் பற்றித்தான் கவலை. மாமா எழுந்ததும் முதல் வேலையாக அதை அவரிடம் சொன்னேன். டீம் மேல் அவருக்குப் பாசமே இல்லை மாமா என்றேன். மாமா கொட்டாவி விட்டபடி, "அதான் பாரேன்," என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா என்னையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று இரவுவரை அவர் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.