ஸ்கேனுக்குக் குடித்த தண்ணீர்

இரண்டாவது முறை நாள் தள்ளிப்போனபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. முதல் கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி, வெடித்து, ஆபரேஷனில் வலப்பக்கக் குழாயையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போதும் இப்படித்தான் வாந்தி வந்தது. அப்போதும் எல்லோரும் நல்ல அறிகுறி என்றுதான் சொன்னார்கள்.

"மூணு மாசம் முடியறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும்" என்றார் மாமியார். பயப்படுவதையும் வாயை மூடிக்கொண்டு பயப்பட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிச்சமிருந்தது இடப்பக்கக் குழாய். வயிற்றில் அந்த இடத்தை அமுக்கிப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. வலிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அமுக்குவேன். அமுக்கி அமுக்கியே வலிக்கும்.

அப்போது திருநின்றவூரில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போகிறவர். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது, "இன்னாமே, எப்பப் பாத்தாலும் அந்தப் பக்கத்தையே அமுக்கிக்கினு கீற? முழுகாம கீறியா?" என்றார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஸ்கேனுக்கு நான் கூட வர்றேன். லீவு போட்டுக்கறேன்."

கணவரைக் கூட்டிப்போக எனக்கு இஷ்டமில்லை. ஆவடியில் ராணுவ டாங்கிக்கு உதிரிபாகம் செய்கிற மனிதர், போன தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். அவரையும் சேர்த்து யார் தேற்றுவது?

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் வரச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். அப்போதுதான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியுமாம். ஒரு சொம்பு போதாதோ என்று இன்னொரு சொம்பும் குடித்து வைத்தேன். பட்டாபிராம் தாண்டி சிக்னலில் ரயில் நின்றுவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் காலடியில் இருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்மே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ஆபத்து. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

ஸ்கேன் அறையில் நான் திரையைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

"கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கும்மா. துடிப்பும் தெரியுது" என்றார்.

"உள்ளேதானே?"

"உள்ளேதான்."

"குழாயில இல்லையே?"

"இல்லம்மா. நல்லா பாத்துட்டேன். நீ முதல்ல எழுந்து பாத்ரூம் போ."

ஓடினேன். தாழ்ப்பாள் போட்டு, வந்த வேலை முடிந்த பிறகும் வெளியே வர முடியவில்லை. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டும் சத்தம் அடங்கவில்லை.

அக்கா கதவைத் தட்டினார். "இன்னாமே ஆச்சு? டாக்டரு நல்ல சேதிதானே சொன்னாங்க?"

"இதுக்கு இல்லக்கா. அதுக்கு. அந்த மொதல் குழந்தைக்கு."

அதற்காக அன்றுவரை நான் அழுததே இல்லை. நீ பிழைத்ததே பெரிசு என்று ஆளாளுக்குச் சொன்னதில், அழுதால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று இருந்துவிட்டேன்.

வெளியே வேறு யாரோ ஒரு பெண் வந்து அவசரமாகக் கதவைத் தள்ளினாள். அக்காவின் குரல் கேட்டது.

"உள்ள ஆளு கீதும்மா. கொஞ்சம் நேரமாவும். நீ கீழ கீற பாத்ரூமுக்குப் போ."