வெறும் வயிற்றில் ஒரு வருடம்

யூஸ்டன் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்தை விட்டு வெகுதூரம் நடந்து வந்த பிறகுதான், சட்டையில் விருந்தினர் அட்டை இன்னும் தொங்குவதைக் கவனித்தேன். திரும்பிப் போகவில்லை. போனால் அந்த இடத்திலேயே "சரி, வருகிறேன்" என்று சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தேன்.

கோடைகாலம். அந்த மாதத்தில் லண்டன் சூரியனுக்குப் போக மனம் வருவதில்லை. வேலை விட்ட சனம் மதுக்கடை வாசல்களில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவே நான் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகப் போனேன். லூயிஷாமில் இருக்கும் என் அறை வரை நடப்பதென்று எப்போது முடிவெடுத்தேன் என்று தெரியவில்லை. யோசிக்க வேண்டியிருந்தால் எனக்குக் கால் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வைத்தியத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்துப் படிப்பிக்கும் நீண்ட படிப்பு ஒன்றுக்கு அடுத்த வருடம் விண்ணப்பிக்க நினைத்திருந்தேன். அதற்கு முன் ஒரு வருடம் எங்காவது ஆராய்ச்சி வேலை செய்திருந்தால்தான் என்னைப் போன்ற ஆளை அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் படிப்பு அப்படி. பள்ளிக்கூடம் ஊரில் மூண்ட போரோடு பாதியில் நின்றது. பிறகு ஜெர்மனியில் அகதி முகாம், பாரிஸில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவல், லண்டனில் பெற்றோல் நிலையம். இடையிடையே மாலை வகுப்புகள். துண்டு துண்டாக ஒரு பட்டம். கடைசியாக, ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் பகுதிநேர வேலை.

இரண்டு இடத்தில் என்னைக் கேட்டிருந்தார்கள். ஒன்று அந்தக் கண்ணாடிக் கட்டடத்து ஆராய்ச்சிக்கூடம். அதன் தலைவி உயரமான பெண்மணி, ஒளிக்காமல் பேசுகிறவர். ஒரு வருடம் தன்னிடம் வேலை செய்தால், தான் எனக்கு எழுதித் தரும் சிபாரிசைத் தெரிவுக்குழு கட்டாயம் கவனிக்கும் என்றார். அது உண்மை. மற்றது, ஒரு ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்துக்குப் பின்னால் இரண்டே அறைகளில் நடக்கும் சின்ன ஆய்வு. தமிழர் வீடுகளுக்குக் காலையிலேயே போய், அவர்கள் சாப்பிடுமுன் இரத்தம் எடுத்து, சீனி வருத்தம் எனும் நீரிழிவு பற்றி ஆராய்வது. அதை நடத்தும் டொக்டர், இதிலிருந்து ஏதாவது வருமா என்று தனக்கே தெரியாது என்றார். அதுவும் உண்மை. இரண்டு பேருமே நாளைக் காலையில் என்னை வேலைக்கு எதிர்பார்த்தார்கள்.

வோட்டர்லூ பாலத்தில் நின்றேன். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. ரைன், செய்ன், தேம்ஸ், எல்லாவற்றின் கரையிலும் இப்படி நின்றிருக்கிறேன், எல்லாம் ஒரே தண்ணீர்போல இருந்தது. அப்போது நினைவில் வந்தது தோர்ண்டன் ஹீத் அக்காவின் முன்னறை.

போன வாரம் அந்தச் சின்ன ஆய்வுக்காக வெள்ளோட்டமாகப் போன வீடு அது. மெலிந்த மனுசி. கதவைத் திறந்ததும் மேசையில் உளுந்து வடையும் தேத்தண்ணியும் இருந்தன.

"இரும் தம்பி. முதல் சாப்பிடும்."

"இல்லை அக்கா, முதல் இரத்தம். நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?"

"பச்சைத்தண்ணிகூடக் குடிக்கேல்லை. அதுக்கு நீர் ஏன் பட்டினி கிடக்கவேணும்? வீட்டுக்கு வந்த ஆளுக்கு ஒண்டும் குடாமல் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறதோ?"

மறுக்கத் தெரியாமல் ஒரு வடையை எடுத்தேன். வந்தவனைத் தனியச் சாப்பிட விடுவது அவவுக்கும் சரியாகப் படவில்லை. எதிரே இருந்து அரை வடையைப் பிய்த்து வாயில் போட்டா. ஊர் விசயம் கதைத்தோம். இரத்தம் எடுக்கக் கையில் பட்டி கட்டும்போதுதான் எனக்கு விளங்கியது.

"அக்கா, சாப்பிட்டுப்போட்டியளே!"

"ஐயோ, அது உமக்குத் துணையாயெல்லே சாப்பிட்டனான்! அதுவும் கணக்கோ?"

டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பப் போ என்றார். இரண்டாம் முறை நானும் வெறும் வயிற்றோடு போனேன்.

"அக்கா, நானும் ஒண்டும் சாப்பிடேல்லை. எடுத்துப்போட்டு ரெண்டு பேருமாய்ச் சாப்பிடுவம்."

"அப்ப கெதியா எடும். பசிக்குது."

எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது அவ கேட்டா: "தம்பி, என்னைப் பாரும், ஈர்க்கு மாதிரிக் கிடக்கிறன். எனக்கேன் சீனி வருத்தம்?"

"தெரியாது அக்கா."

"தெரியாமலோ ஊசியோட வந்தனீர்?"

இன்று கண்ணாடிக் கட்டடத்தில், என்ன கண்டுபிடிக்க ஆசை என்று கேட்டபோது என் வாயில் வந்தது, மெலிந்த ஆளுக்கு ஏன் சீனி வருத்தம் என்ற அவவின் கேள்விதான். தலைவிக்குப் பிடித்திருந்தது. இங்கே யாரும் அதைப் பார்ப்பதில்லை, பிறகொரு காலத்தில் நீ பார்க்கலாம் என்றார். பிறகொரு காலம் என்பதை நான் நிறைய நாடுகளில் கேட்டிருக்கிறேன்.

தொலைபேசி அடித்தது. என்னோடு அறையில் இருக்கும் அண்ணை, மினிகாப் டாக்சி ஓட்டுகிறவர்.

"எங்கை நிக்கிறாய்?"

"பாலத்திலை."

"கப்பல் பாக்கிறியோ? வேலை என்னமாதிரி?"

"தாறம் எண்டிட்டினம் அண்ணை."

"பிறகென்ன! வெள்ளைக் கோட்டுப் போட்டு இருக்கிற வேலை. வீடு வீடாய் ஏறி இறங்கினியெண்டால் சனம் உன்னை மீன் விக்கிறவன் எண்டு நினைக்கும்."

"நாளைக்கு ரெண்டு இடத்திலையும் பாத்துக்கொண்டிருப்பினம்."

"ரெண்டு வீட்டிலையும் மாப்பிள்ளையாய்ப் போய் இருக்கேலாது ராசா. கெதியா வா, சோறு ஆறுது."

எலிபன்ட், பழைய கென்ட் வீதி, நியூ கிராஸ் என்று நடந்தேன். வெளிச்சம் தேன் நிறமாகி, பிறகு சாம்பலானது. கண்ணாடிக் கட்டடத்தில் காட்டிய, இரத்த மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டிகளை நினைக்கப் பார்த்தேன். நினைவில் நிற்கவில்லை. அந்த மெலிந்த கை மட்டும் நின்றது.

காலையில் அண்ணை முட்டை பொரித்து வாட்டிய பாணோடு வைத்தார். "சாப்பிட்டுப் போ. முதல் நாள்."

"வேண்டாம் அண்ணை. போற வீட்டிலை பிறகு சாப்பிடலாம்."

முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கண்ணாடிக் கட்டடம் இல்லை."

"இல்லை."

"விசரன்," என்று சொல்லிவிட்டு என் முட்டையைத் தன் பக்கம் இழுத்தார்.

ரயில் நிலையத்தில் நின்று தலைவியோடு தொலைபேசியில் பேசினேன். வரவில்லை என்றேன். அது உன் வருடம் என்றார் அவர். சிபாரிசை இழந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். விருந்தினர் அட்டையை உறையிலிட்டுத் தபாற்பெட்டிக்குள் போட்டேன்.

பசியோடு வேலைக்குப் போவது எனக்குப் புதிதில்லை. எல்லை கடந்த லொறியில் அது தானாகவே கூட வந்தது. இந்த முறை நானாகக் கூட்டிப் போனேன்.

தோர்ண்டன் ஹீத்தில், அக்காவின் வீட்டுக்கு அடுத்த தெருவில் மணியை அழுத்தினேன். தோளில் துவாயோடு ஒரு ஐயா கதவைத் திறந்தார்.

"வாரும், வாரும். முதல் ஒரு தேத்தண்ணி குடியும்."

"பிறகு குடிப்பம் ஐயா," என்றேன். "நானும் இன்னும் ஒண்டும் குடிக்கேல்லை."