ஐந்தாம் பாகத்துக்கு ஆள் வருமா?

தியேட்டர் கவுண்டரில் குந்துகிறவனுக்குப் படம் ஓடினால் ஏன் ஓடியது என்றும் தெரியாது, படுத்தால் ஏன் படுத்தது என்றும் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். கடையைத் திறந்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இந்தத் தலையிடி விளங்கும்.

கல்முனையில் நான் டிக்கட் கொடுத்த தியேட்டருக்கு ஒரு விண்வெளிக் கப்பல் படத்தின் ஐந்தாம் பாகம் வந்தது. முதலாளி ஹாஜியார் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஒரு கிழமைக்குள் ஒரு காட்சியாவது பாதி நிறைய வேண்டும், இல்லாவிட்டால் கதிரைகளைக் கழற்றிவிட்டுக் கல்யாண மண்டபமாக்கிவிடுவார். இந்தப் படத்தை எடுப்போம் என்று அவருக்கு ஆசை காட்டியவன் நான்தான். என் வேலை அந்தக் கப்பலில் தொங்கியது.

செத்தவன் எப்படி வந்தான்?

முதல் நாள் கல்முனைக்குடியிலிருந்து மீன்பிடிப் போட் வைத்திருக்கும் ஒரு காக்கா வந்தார், மூத்த ஆண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சுவரொட்டியில் கப்பல் கேப்டன் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பாகத்தில் செத்தவர் அவர். "செத்தவர் இந்த உலகத்து ஆள் காக்கா, இவர் வேறொரு உலகத்து ஆள், ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்" என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நானே வழி தவறிவிட்டேன். காக்கா சுவரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் மௌத்தானதுக்கு என்ட பொஞ்சாதி அழுத அழுகை ஒனக்குத் தெரியுமா தம்பி? அத முதல்ல திருப்பித் தா, மறுகா டிக்கட் எடுக்கிறன்."

மஃரிபுக்குப் பிறகு

மாலைக் காட்சியில் மஃரிப் தொழுகைக்கு ஒத்துவருகிற மாதிரி இடைவேளை விடுவது எங்கள் வழக்கம். இந்தப் படத்தில் இடைவேளை முடிந்ததும் கப்பல் பழைய காலத்துக்குப் பறந்து, படம் தொடங்கிய இடத்திலேயே இறங்கும். தொழுதுவிட்டுக் கொஞ்சம் பிந்தி வந்த புடவைக்கடைக்காரர், நான் முதல் பாதியைத் திரும்பப் போட்டுவிட்டேன் என்று கவுண்டருக்கு வந்து நின்றார். காலத்தில் பின்னால் போயிருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் முன்பு நடந்ததெல்லாம் நடந்ததா இல்லையா என்று கேட்டார். இன்றுவரை எனக்கும் தெரியாது.

"மூணு ரக்அத் தொழுதுட்டு வாறத்துக்குள்ள படத்தத் தலைகீழாக்கி வெச்சிரிக்கீங்க, இனி என்னத்த நம்புற?"

கொழும்பிலிருந்து ஒரு கோல்

படம் அனுப்பியவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். ஆறாம் பாகம் எடுப்பதா விடுவதா என்று அங்கே பெரிய ஆட்கள் யோசிக்கிறார்களாம், கதிரை ஏன் காலி என்று காரணம் எழுத வேண்டுமாம். வெள்ளாமை வெட்டு என்றேன், மாவடிப்பள்ளி வயலிலெல்லாம் மெஷின் இறங்கிவிட்டது. வெட்டு முடிந்தால்? கல்யாணங்கள். கல்யாணங்கள் முடிந்தால்? விதைப்பு. அந்தப் பக்கம் பேனையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"உங்கட ஊர்ல ஆக்கள் சும்மா இருக்கிற நாள் எதெண்டு பாத்துச் சொல்லுங்க, ஆறாம் பாகத்த அண்டைக்கே அனுப்புறம்."

முன்கதை

முந்திய நான்கு பாகமும் பலருக்குத் தெரியாததுதான் குறை என்று எனக்குப் பட்டது. வியாழக்கிழமை வாசலில் நின்று கதை சொல்லத் தொடங்கினேன். தேத்தண்ணிக் கடை ஆட்கள் கோப்பையோடு வந்தார்கள், ஓட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேப்டனைச் சாகடித்து, திரும்ப எழுப்பி, கையால் கப்பலும் ஓட்டினேன். அந்தக் கிழமையில் நான் கண்ட முதல் கூட்டம் அது. மாடியிலிருந்து ஹாஜியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுகா?" என்று ஒருவர் கேட்க, வாய் சும்மா இருந்ததா? ஐந்தாம் பாகத்தையும் சொல்லிவிட்டேன்! சனம் கலைந்தது. வினாயகபுரத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு அம்மா மட்டும் கவுண்டருக்கு வந்தார்.

"நல்லாச் சொன்னீங்க தம்பி, இனிப் பாக்கத் தேவையில்ல. ஆறாம் பாகத்த எப்ப சொல்லுவீங்க?"

கடைசி வெள்ளி

ஒரு காட்சியும் பாதி நிறையவில்லை. மறுநாள் கதிரை கழற்ற ஆட்கள் வந்தார்கள். முதல் வரிசையைத் தூக்கும்போது சாவிக்கொத்தை ஹாஜியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. படத்துக்கு வராத சனம் உன் கதை கேட்க வந்ததைக் கண்டேன், மண்டபத்தில் மைக் பிடிக்க நீயே இரு என்றார். சாவிக்கொத்தைத் திரும்ப இடுப்பில் செருகினேன். நாலு எட்டு நடந்தவர் திரும்பினார்.

"ஆனா ஒண்டு, மாப்புள பொண்ணுக்கு மட்டும் முன்கதை சொல்லிராத."

செத்தவனை எழுப்பியும் காலத்தைத் திருப்பியும் பாதிகூட நிறையாத அந்த இடத்தை, முதல் கல்யாணத்திலேயே சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் வைத்த புரியாணி வாசல்வரை நிறைத்துவிட்டது என்பதை ஆறாம் பாகம் எடுக்கிறவர்களுக்கு யார் சொல்வது?