மேல் தாழ்ப்பாள்

போன மாதம் என் மகன் தச்சரைக் கூட்டிவந்து வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னான். நடுவில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இன்னொன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, "பாப்பா நடக்க ஆரம்பிச்சிடுச்சிமா, ரோட்டுல வண்டி நிக்காம போவுது" என்றான். பாப்பா என்றது என் பேரனுடைய குழந்தையை. தச்சர் முக்காலியில் ஏறி நின்று திருகாணியை முடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த உயரத்தில் ஒரு தாழ்ப்பாளை நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பார்த்தது அறுபதுகளின் கடைசியில், சின்ன காஞ்சிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில். அது என் மாமியாருக்காகப் போட்டது.

அந்த வீட்டில் அப்போது மூன்று பேர்தான். அத்தை, இவர், நான். இவர் என்றால் என் வீட்டுக்காரர். என் மகன் அப்போது பிறக்கவில்லை. முன்கூடத்தில் ஒரே தறி. அத்தைக்கு இவர் ஒரே பிள்ளை. மாமனாரை நான் பார்த்ததில்லை. அத்தை குள்ளமாக, கறாராக இருப்பார். நான் போன புதிதில் அவர் நிமிர்ந்து பார்த்தாலே என் கையிலிருக்கும் பாத்திரம் ஆடும். எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான், வகுப்பில் எழுந்து நின்று பேச வராது.

அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது ஒரு பாவு பிணைக்கும்போது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். பழைய பாவு தீர்ந்துபோனால், அதன் இழை முனை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. பெண்கள் உட்கார்ந்து செய்கிற வேலை. அத்தை கண்ணால் பார்க்காமலே செய்வார். அன்றைக்கு அவர் பழைய இழையோடு பழைய இழையையே பிடித்து முறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். புதுப் பாவு தொடாமல் அப்படியே கிடந்தது. நெசவுத் தெருவில் பிறந்த குழந்தைகூடச் செய்யாத தப்பு அது. இவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். அத்தையை எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டு, பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "கண்ணு மங்கிப் போச்சு அவங்களுக்கு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். கண் மங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அதற்கு இப்போது அல்சைமர் என்று பேர் சொல்கிறார்கள். டிவியில் டாக்டர்கள் வந்து விளக்குகிறார்கள். அப்போது பேரெல்லாம் கிடையாது. வயசாகிவிட்டது என்பார்கள், புத்தி தடுமாறிவிட்டது என்பார்கள், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் அத்தை வீட்டில் இல்லை. ஓரிக்கை போகிற ரோட்டில், பாலாற்றுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தவரை எங்கள் தெருக் கீரைக்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாராம். அந்த அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. மறுநாளே இவர் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். இவர் நல்ல உயரம், கையைத் தூக்கினால் எட்டும். எனக்குக் காலை எக்கினால்தான் எட்டும். அத்தைக்கு எட்டவே எட்டாது.

பொருள்களை மறந்த பிறகு அத்தை மனிதர்களை மறந்தார். முதலில் நான் போனேன். "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? பொழுது போயிடுச்சே, உங்க வூட்டுல தேட மாட்டாங்களா?" என்று சாயந்தரமானால் கேட்பார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. முன்னைவிட மரியாதையாகத்தான் நடத்தினார். அப்புறம் இவர் போனார். இவரைக் கூலிக்கு வந்த நெசவாளி என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்பா தறிக்காரரே, சாப்டியா?"

"சாப்ட்டேன்மா."

"கூலி ஒழுங்கா குடுக்கறாங்களா உனக்கு?"

"அதெல்லாம் குடுக்கறாங்க. சோறும் போடறாங்க."

"அப்ப இங்கியே இருந்துடு" என்பார் அத்தை. இவர் சிரித்துக்கொண்டே ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவார். பிறகு அத்தை என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இந்த ஆளு நல்லா நெய்யறான். இவன் பேர் இன்னா?" என்று கேட்பார்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பெண்ணைச் சொல்லச் சொல்வோம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அத்தை கேட்கும்போது நான், "உங்க புள்ள அத்தை அவரு" என்பேன். "புள்ளைன்னா பேர் இருக்காதா? பேர் வெக்காம வுட்டுட்டனா?" என்று அவர் மடக்குவார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். தெருவில் எல்லோரும் இவரை அண்ணே என்பார்கள், பெரியவர்கள் தம்பி என்பார்கள். ஆகவே அந்த வீட்டில் இவருடைய பெயர் யார் காதிலும் விழாமல் போய்விட்டது. பெயரை வைத்தவர் மறந்துவிட்டார், தெரிந்த நான் சொல்லக் கூடாது.

இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு தடவை மட்டும், தறியில் உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எங்கம்மா ஒருத்திதான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறவங்க. சாவறதுக்குள்ள ஒரு தரம் கூப்ட்டாங்கன்னா போதும்." அதன் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். வெளியே போய்வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அத்தை எதிரே போய் நிற்பார். சூடாக போண்டா வாங்கிவந்து கையில் கொடுத்துவிட்டு, "யாரு வாங்கியாந்தது, சொல்லு பாப்போம்" என்பார். அத்தை தின்றுவிட்டு, "யாரோ மகராசன், நல்லா இருக்கட்டும்" என்பார். பெயர் கிட்டத்தில் வந்து தவறிப்போன மாதிரி இவர் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் தறிக்குப் போவார்.

அப்புறம் அந்த வருஷத்துக் கருட சேவை. வைகாசி மாதம் பெருமாள் கருடன் மேல் புறப்படுகிற நாள். ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து மூலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றுவார்கள். இவர் விடியற்காலையிலேயே பந்தலுக்குப் போய்விட்டார். தெருவே காலி. அத்தைக்குக் காவலாக நான் மட்டும் இருந்தேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவரை உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது.

"கருட சேவையா இன்னிக்கி?" என்றார் அத்தை.

குரல் வேறாக இருந்தது. நான் வாழ்க்கைப்பட்ட புதிதில் கேட்ட கறாரான பழைய குரல். "ஆமாம் அத்தை" என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு முட்டி வலி தேவலாமா?" என்று கேட்டார். என் அம்மாவின் முட்டி வலியைப் பற்றி நான் அவரிடம் சொன்னது கல்யாணமான புதிதில். "தேவலாம்" என்று சொன்னேன். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். தறியைப் பார்த்தார். பிறகு, "எவ்ளோ நாளா நான் இப்பிடி இருக்கேன்?" என்றார்.

"கொஞ்ச நாளாத்தான் அத்தை."

"பொய் சொல்லாத. உனக்கு நெத்தியோரம் நரைச்சிருக்குது."

அது ஒரே ஒரு முடி. நானே கவனித்ததில்லை. அத்தை அழவோ பதறவோ இல்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இவருடைய பெயரைச் சொன்னார். முழுப் பெயரை, சுருக்காமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி. "எங்க அவன்? கூட்டிக்கினு வா" என்றார்.

நான் கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. நான் வெளியே போனால் அதைப் போட யாரும் இல்லை. வெளியில் பூட்டக் கொண்டியும் கிடையாது, வெறுமனே சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அவர் இறங்கி நடந்துவிட்டால் தேடிப் பிடிக்க முடியாது. அனுப்பவும் ஆள் இல்லை. நான் யோசிப்பதை அத்தை புரிந்துகொண்டார். தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்குத்தானா அது?" என்றார். பிறகு அவரே, "நான் எங்கியும் போவ மாட்டேன். நீ போ, சீக்கிரம்" என்றார்.

ஓடினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் தெருவில் ஓடியதில்லை. மூலைக்குப் போனால் பந்தல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஜனம். பெருமாளின் குடை தூரத்தில் அசைந்து வந்துகொண்டிருந்தது. இவர் அண்டாவுக்குப் பின்னால் சொம்பும் கையுமாக நிற்பது தெரிந்தது. "என்னாங்க, என்னாங்க" என்று கூப்பிட்டேன். அங்கே நின்ற பெண்கள் பாதிப் பேர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. நேரம் போகிறது, வீட்டில் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. அத்தை சொன்ன மாதிரியே, கடைசி எழுத்தை நீட்டி, அந்தப் பெயரைக் கத்தினேன்.

இவர் சட்டென்று நிமிர்ந்தார். சொம்பிலிருந்த மோர் கீழே கொட்டியது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைத் தாண்டித் தேடினார். என் பின்னால், என் இரண்டு பக்கமும், தேடிக்கொண்டே இருந்தார். தன் அம்மா அங்கே வந்து நின்று கூப்பிட்டதாக நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்ததும் கேட்ட முதல் கேள்வியும், "எங்க அம்மா?" என்பதுதான்.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அத்தை வாசற்படிக்கு உள்பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாதி வாரிய தலையோடு. இவர் எதிரே போய் நின்றார். மூச்சு இரைத்தது. அத்தை இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாப்பா தறிக்காரரே. இன்னிக்கி லீவாச்சே, ஏன் வந்தே?"

நான்தான், "உள்ள வாங்க அத்தை, ஏன் இங்க நிக்கறீங்க?" என்றேன்.

"எங்கியும் போவக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"யாரு சொன்னாங்க?"

"யாரோ" என்றார்.

இவர் தறிப் பலகையில் போய் உட்கார்ந்தார். பந்தலுக்குத் திரும்பிப் போகவில்லை. நான் அத்தைக்கு மீதித் தலையை வாரிப் பின்னி முடித்தேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் இவரிடம் சொன்னேன், முட்டி வலியை, நரையை, தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டதை. கேட்டு முடித்துவிட்டு இவர், "என்னை எப்பிடி கூப்ட்டாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு" என்றார். கூட்டத்தில் கத்தியது வேறு. வீட்டுக்குள், முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வரவில்லை. கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒரு தரம் சொன்னேன். இவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு தரம் கேட்கவில்லை.

அத்தை அந்த வருஷம் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். நடுவில் அந்த மாதிரி தெளிவு மறுபடி வரவில்லை. தெருப் பெண்கள் மட்டும் ரொம்ப நாள் என்னை விடவில்லை. "கருட சேவையில புருஷன் பேரை ஏலம் போட்டவ வரா பாரு" என்று குழாயடியில் சிரிப்பார்கள். ஆயுசு குறையும் என்றார்களே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இவர் எழுபது தாண்டித்தான் போனார்.

இப்போது எனக்கு அத்தையின் அப்போதைய வயதைவிட அதிகம். போன தை மாதம் கடைக்குப் போனவள் வேறொரு தெருவில் திரும்பிவிட்டேன். யாரோ வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். பாப்பாவுக்கு நடுத் தாழ்ப்பாளே எட்டாது. மகன் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தினமும் காலையில் எழுந்ததும், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, இவர் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி. இன்றைக்கும் வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. பிறகு பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனேன். மேல் தாழ்ப்பாள் காலை எக்கினால் எனக்கு எட்டுகிறது. மகனுக்கு அது தெரியாது.