டைகருக்கு வைத்த மருந்து

எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தவர்கள் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தட்டு கீழே விழுந்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். உத்திரமேரூர் பஸ் எங்கள் ஊர் வளைவில் ஹாரன் அடித்தால் தொழுவத்துக்கு ஓடி மாட்டுக்குப் பின்னால் நிற்கும். மாடு அதைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையில் மரியாதை இருக்காது.

ஒரு வருடம் திரௌபதி அம்மன் திருவிழாவில், கூத்தில் துரியோதனன் விழுகிற படுகளத்தன்று காலையில் போட்ட அதிர்வேட்டுக்கு டைகர் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. எதிரே அப்பா நெல் மூட்டை ஏற்றிய வண்டியோடு வந்துகொண்டிருந்தார். மாடு மிரண்டது, வண்டி சாய்ந்தது, மூட்டைகளோடு அப்பாவும் வாய்க்காலில் இறங்கினார். நெல் நனைந்ததைவிட ஊரே நின்று சிரித்ததுதான் அவருக்கு ஆறவில்லை. "அடுத்த வருசமும் இது ஓடிச்சின்னா, நெல்லு லாரியில ஏத்தி எங்கனா தொலைவா உட்டுட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் செய்கிற ஆள்.

மறு வருடம் கோயிலில் காப்புக் கட்டியதிலிருந்து எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சந்தேகம் என் தாய்மாமா மேல்.

மாமா கல் குவாரியில் வேலை செய்தவர். இடுப்பு வலி என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுவடை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அந்த இடுப்பு வலிக்காரர் மூட்டை தூக்கினார், கிணற்றில் குதித்து நீந்தினார். நாயைக் கண்டால் காலால் ஒதுக்குகிறவர் திடீரென்று "வாடா என் ராஜா" என்று டைகரைக் கொஞ்ச ஆரம்பித்தார். மத்தியான நேரத்தில் அதை பம்புசெட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார். கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். நாய்க்குக் கருவாடு! எனக்கே குழம்பில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு நாள் வைக்கோல் போருக்கு மறுபக்கம் மாமாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"துளியூண்டு மருந்துதான் வச்சேன். தாங்கிக்கிச்சி. நாளிக்கி கொஞ்சம் ஏத்தணும்" என்றார் மாமா.

"படுகளத்துக்குள்ள முடிச்சுடுவியா?" என்றார் அப்பா.

"முடிச்சுடலாம். சின்னவன் காதுல மட்டும் போட்டுடாதீங்க."

சின்னவன் நான்தான். எங்கள் ஊரில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார்கள். எலிக்கும் வேண்டாத நாய்க்கும் மருந்து வைப்பார்கள். கொடுப்பதற்கும் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் சின்னவன் இல்லை. லாரிச் செலவை மிச்சம் பிடிக்க அப்பா மைத்துனரை ஏவிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் பின்னாலேயே போய் வரப்போரம் பதுங்கினேன். மாமா டைகருக்கு முன்னால் ஒரு இலையை விரித்து ஒரு நெத்திலியை வைத்தார். சட்டைப் பையிலிருந்து காகித மடிப்பு ஒன்றை எடுத்தார். உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு தூள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் பாய்ந்து கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். டைகர் குரைத்தது. அது என்னைப் பார்த்துக் குரைத்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச தூரம் போனதும்தான் யோசனை வந்தது. கீழே போட்டால் நாய் மோப்பம் பிடித்துத் தின்றுவிடும். என் கால்சட்டைப் பையில் ஓட்டை. ஆகவே, நாய்க்கு எட்டாத ஒரே இடமாக எனக்குத் தோன்றிய என் வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கிய பிறகுதான் நான் செய்தது இன்னதென்று உறைத்தது.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் சாவப் போறேன்."

"சாவறதுக்கு முன்னால அந்தக் கோழியக் கூடை போட்டு கவுத்துட்டுப் போ."

"மாமா நாய்க்கு வச்ச மருந்த நான் துன்னுட்டேன்மா."

முறம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். அம்மா புளியைக் கரைத்து என் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். நாக்கு மரத்துப்போனது. கண் இருட்டியது. நானே இறுக்கி மூடியிருந்ததால் இருட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. என் பம்பரத்தைத் தங்கச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைசி ஆசையும் சொல்லிவிட்டேன்.

அப்போது மாமா மூச்சு வாங்க வந்து நின்றார். பின்னால் டைகர்.

"அடப்பாவி, புள்ளைக்கு இன்னாடா குட்த?"

"நான் இன்னாக்கா குட்தேன்? நாய் வாய்க்குப் போறத இவன்தான் புடுங்கித் துன்னுட்டு ஓடியாந்தான்."

"மருந்து வச்சியாமே!"

மாமா பையிலிருந்து இரண்டு போல்ட்டுகளை எடுத்தார். இரண்டையும் ஒரே நட்டில் ஆளுக்கொரு பக்கமாக மாட்டியிருந்தார். "தீக்குச்சி மருந்துக்கா. நடுவுல வச்சி முறுக்கிப் போட்டா வெடிக்கும்" என்று துணி துவைக்கிற கல்லில் வீசினார். டப்பென்றது. சாகக் கிடந்த நான் ஒரே தாவலில் அம்மா மடியில் இருந்தேன். டைகர் மட்டும் காதைச் சிலிர்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு மாமாவின் கையைப் பார்த்தது. சத்தம் கேட்டால் அடுத்தது கருவாடு. தூரத்தில் சின்னதாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் மருந்தை ஏற்றி அப்படிப் பழக்கியிருந்தார்.

"இவன்கிட்ட சொன்னா, நான் போடறேன் நான் போடறேன்னு உசிர எடுப்பான். அதான் சொல்லல" என்றார்.

"குவாரியில பாறைக்கு வெடி வச்சது பத்தாதுன்னு வூட்டுலயும் வந்து வைக்கிறியா?" என்றாள் அம்மா. மாமா போல்ட்டைப் பொறுக்கப் போய்விட்டார்.

என் சந்தேகம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அதன்பிறகு நானும் கூடவே போனேன். பொட்டலத்திலிருந்து ஒரு நெத்திலியை மாமா முதலில் தின்று காட்டினால்தான் நாய்க்கு வைக்க விடுவேன். அவரும் முகம் சுளிக்காமல் தின்றார்.

படுகளத்தன்று காலையில் மாமா எங்கள் வாசலில் உட்கார்ந்து டைகரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கருவாடு என் பொறுப்பு. முதல் வேட்டுக்குத் தொழுவத்து ஓடு அதிர்ந்தது. டைகர் நடுங்கியது, எழுந்திருக்கப் பார்த்தது. நான் ஒரு நெத்திலியை நீட்டினேன். இரண்டாவது வேட்டுக்கும் நடுங்கியது, ஆனால் நடுங்கிக்கொண்டே தின்றது. அதற்கப்புறம் வேட்டுச் சத்தம் வந்ததும் என் கையைத்தான் தேடியது. அப்பா வண்டியை எதற்கும் இருக்கட்டும் என்று சுற்று வழியாக ஓட்டி வந்து, வாசலில் நாயைப் பார்த்தார். "கெடக்கட்டும் போ" என்றார். டைகருக்கு லாரிப் பயணம் ரத்து.

அடுத்த வாரமே மாமா பையை எடுத்துக்கொண்டு குவாரிக்குத் திரும்பினார். இடுப்பு சரியாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அதை அப்படியே நம்பினேன்.

படுகளத்தன்று காலை வேட்டு நடந்துகொண்டிருக்கும்போதே டைகர் அவர் பிடியிலிருந்து நழுவி, என் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மாமாவின் இரண்டு கைகளும் மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா மாமா, இப்டி ஆடுது?"

"நாய் நடுக்கம்டா மாப்ளே, எனக்கும் ஒட்டிக்கிச்சி."

இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வேட்டு வெடித்ததும் அவர் உள்ளங்கையிலும் ஒரு நெத்திலியை வைத்தேன்.