சிமெண்டு அடுக்கிய கழிப்பறை

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் தண்ணீர் குடிப்பதில்லை. டீ மட்டும், அதுவும் அரைத் தம்ளர். மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்கு. பிறகு சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும் வரை ஒன்றும் கிடையாது. கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை. நாங்களாகச் சொல்கிற ஆட்களும் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனாலும் நாலு ஆண்கள் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தாலோ எரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் அந்த வேலை நடந்தது. கீழே கடைகள், மேலே கல்யாண மண்டபம். நாங்கள் பெண்கள் ஆறேழு பேர், எல்லாரும் சித்தாள்தான். கல் சுமப்பது, கலவை சுமப்பது, சுவருக்குத் தண்ணீர் விடுவது. என் அண்ணன் மனைவியும் என்னோடு வந்தாள். மதினி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். அவளுடைய மகள் ராஜபாளையத்தில் நர்சு படிப்பு படிக்கிறாள். அண்ணனுக்கு மூச்சு இழுப்பு, கனமான வேலை செய்ய முடியாது. அதனால் மதினி ஒரு நாள் கூட லீவு போட மாட்டாள்.

ஆரம்பத்தில் எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஓடையை ஒட்டிக் கருவேல மரங்கள் அடர்ந்து கிடந்தன. ஒருத்தி காவல் நிற்க, மற்றவர்கள் ஒதுங்கிவிட்டு வருவோம். முள் குத்தும். பாம்பு பயம் உண்டு. இருந்தாலும் மறைவு இருந்தது. பிறகு ஒருநாள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று ஜேசிபியை விட்டு அத்தனையையும் வழித்துவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் கரிசல் மண் வெறிச்சென்று கிடக்கிறது. சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஓடை வரைக்கும் தெரியும்.

எதிரே ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்கார அம்மா முதலில் விட்டார்கள். தினமும் இத்தனை பேர் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? பிறகு கேட்டைப் பூட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் தண்ணீரைக் குறைத்தோம்.

முதலில் படுத்தது மதினி. அடி வயிற்றில் வலி, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கவே கூடாது, திரும்பவும் இப்படி வந்தால் கிட்னியைப் பாதிக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுவாரம் மதினி வேலைக்கு வந்துவிட்டாள்.

"குடிக்கச் சொல்லுதாவ. குடிச்சா எங்கன போய் விடன்னு கேட்டேன். அதுக்கு மாத்திரை ஒண்ணும் எழுதித் தரல" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கட்டட வேலை எடுக்கும் காண்டிராக்டர்களுக்கு அரசாங்கம் புதிதாக விதி போட்டிருக்கிறதாம். கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது, வேலை இடத்தில் குடிநீர் வேண்டும், பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை வேண்டும், பிள்ளைகளைப் போட நிழல் வேண்டும். எங்கள் காண்டிராக்டரைக் கூப்பிட்டுக் கெடு வைத்துவிட்டுப் போனார். காண்டிராக்டரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனுஷன் இல்லை. அந்த வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தெரிந்து நாங்கள் அவ்வளவு சந்தோஷமாகக் கல் சுமந்த வேலை வேறு இல்லை. ஹாலோபிளாக்கில் இரண்டு சின்ன அறைகள். பின்னால் குழி தோண்டிச் சிமெண்டு உறை இறக்கினார்கள். கொத்தனார் பூசும்போது மதினி பக்கத்திலேயே நின்றாள்.

"ஏ கொத்தனாரே, இந்த மூலை சொரசொரன்னு இருக்கு. நல்லாத் தேய்ச்சு விடும்."

"எம்மா, மேல மண்டபத்துக்குக் கூட யாரும் இம்புட்டு கொறை சொல்லலியே."

"மண்டபம் எவனுக்கோ. இது எங்க மாளிகைலா."

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். பீங்கான் பதித்தாயிற்று. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டாயிற்று. வெளிவாசலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் கதவும் மாட்டியாயிற்று. தண்ணீர்க் குழாய் மட்டும் பாக்கி. பிளம்பர் திங்கட்கிழமை வருவார் என்றார்கள்.

திங்கட்கிழமை பிளம்பர் வரவில்லை. சிமெண்டு லாரி வந்தது. என்ஜினியர் தம்பி, மூட்டைகளை அந்த அறைகளில் அடுக்கச் சொன்னார். மழை மேகமாக இருக்கிறது, ஒருநாளைக்குத்தானே என்று நாங்களே சுமந்து போய், பீங்கானுக்கு மேல் பலகை போட்டு அடுக்கினோம். சாயங்காலம் மேஸ்திரி கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

அந்த வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. மூட்டை குறையக் குறையப் புது மூட்டை வந்து ஏறியது. மதினி மேஸ்திரியிடம் கேட்டாள்.

"கேஸ் போட்டிருக்காவம்மா" என்றார் அவர்.

"யாரு மேல?"

"கவர்மெண்டு மேல. காண்டிராக்டர்மாரு சங்கம் மதுரை ஹைகோர்ட்டுல போட்டிருக்கு. இந்தக் கூலி, வசதி எல்லாம் எங்களால முடியாது, இப்படி விதி போட ஒனக்கு அதிகாரம் இல்லன்னு. கேஸ் முடியுத வரைக்கும் அந்த விதிய நடப்புல கொண்டு வரக் கூடாதுன்னு கோர்ட்டு இடைக்காலத் தடை குடுத்திருக்கு."

"சரி, அது கோர்ட்டு காரியம். இங்கன கட்டி முடிஞ்ச கக்கூசுக்கு என்ன?"

"அதெல்லாம் மொதலாளிட்ட கேளு. நான் சாவிக்காரன், அவ்வளவுதான்."

அண்ணாச்சி வரும் நாளுக்காகக் காத்திருந்தோம். என்ன பேச வேண்டும் என்று நான் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் வந்து நின்றதும், பக்கத்தில் கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் நிற்பதைப் பார்த்ததும், மதினிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மதினிதான் பேசினாள்.

"அண்ணாச்சி, அந்த ரூமைத் தொறந்து விடுங்க. கொழாய் வேண்டாம், நாங்க வாளியில தண்ணி கொண்டுக்கிடுதோம்."

அவர் செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"எனக்கென்னம்மா, தொறந்து விட்டா எனக்கு என்ன நட்டம்? ஆனா சங்கத்துல கண்டிச்சுச் சொல்லியிருக்காவ. கேஸுல நாங்க என்ன சொல்லியிருக்கோம்? எங்களை மாதிரி சின்னக் காண்டிராக்டர் வேலை பாக்குத எடத்துல கக்கூஸ் கட்டவே முடியாது, எடம் கெடையாது, கட்டுபடி ஆகாதுன்னு. நான் கட்டித் தொறந்து வச்சேன்னா, இந்தா ஒருத்தன் கட்டிட்டானேன்னு கவர்மெண்டு தரப்புல காட்டிருவாங்கல்லா? கேஸ் படுத்துரும்."

"அதான் கட்டியாச்சே அண்ணாச்சி."

"கட்டுனது கக்கூஸ்னு யாரு சொன்னா? சிமெண்டு குடோன்."

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல ஆகிவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த சாந்துச் சட்டியை எங்கேயாவது விட்டெறிய வேண்டும் போலிருந்தது. முடியாது என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். முடிந்துபோன ஒன்று எங்கள் கண் முன்னால் பச்சைக் கதவோடு நிற்கிறது. அது இருப்பது தெரியக் கூடாது என்பதற்காக நாங்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தொழிலாளர் சங்கமும் அந்த வழக்கில் சேர்ந்திருந்தது. அடுத்த விசாரணைக்கு மதுரை போக ஒரு வேன் ஏற்பாடு செய்தார்கள். நானும் மதினியும் போனோம். கோர்ட்டுக்குள் எங்கள் எல்லாரையும் விடவில்லை. வெளியே பார்வையாளர்கள் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. மதினி கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துக் குடித்துப் போய்விட்டு வந்தாள்.

"ஏட்டி, கேஸ் முடியவே வேண்டாம். தெனமும் இங்கன வந்திருவோம்."

"சும்மா இருங்க மதினி, எல்லாரும் பாக்குதாவ."

"பாக்கட்டும். நானும் மனுஷிதான்னு தெரியட்டும்."

மத்தியானத்துக்கு முன்பே சங்கத்து வக்கீலம்மா வெளியே வந்தார்கள். ஒரு தரப்பு பதில் சொல்ல அவகாசம் கேட்டதாம், தள்ளி வைத்துவிட்டார்களாம். அவ்வளவுதான். வேனில் ஏறி வந்த நேரத்தில் கால்வாசி கூட வழக்கு நடக்கவில்லை. கூட வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். இடமே இல்லை, கட்டவே முடியாது என்பதுதான் எதிர்த்தரப்பின் முக்கியமான வாதம் என்று வக்கீலம்மா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "எங்க எடத்துல கட்டியிருக்கும்மா. உள்ள சிமெண்டு அடுக்கியிருக்கு" என்றேன்.

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார்கள். முழுவதும் கேட்டார்கள். "போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? உங்க பேர் வராமப் பார்த்துக்கிறேன்."

மறுநாள் சிமெண்டு எடுக்கக் கதவு திறந்தபோது, மதினி மேஸ்திரியிடம் வாய் கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் என் போனில் படம் எடுத்தேன். மூட்டைகளுக்கு நடுவில் பலகை விலகிப் பீங்கானின் விளிம்பு தெரிந்தது, ஓரத்தில் திறந்த பச்சைக் கதவும் தெரிந்தது. படம் நன்றாகவே வந்தது. அதை அனுப்பிய இரவு, வெகு நாளைக்குப் பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அடுத்த விசாரணையில் வக்கீலம்மா அந்தப் படத்தைக் கொடுத்தார்கள். எங்கள் பெயர் இல்லை, ஊர் பெயரும் இல்லை. வழக்கு மறுபடியும் தள்ளிப்போனது. ஆனால் படம் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் காண்டிராக்டர் சங்கத்தில் காட்டியிருக்கிறார்கள். பச்சைக் கதவைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு அது தன்னுடையது என்று தெரியாமல் போகுமா?

அவர் எங்களைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஒருநாள் காலையில் மேஸ்திரி எங்களிடம் வந்து, "சிமெண்டை எடுத்து மாடிப்படிக்கு அடியில வைங்க. அந்த ரூமை உடைக்கணும்" என்றார்.

மூட்டைகளைச் சுமந்தோம். அறைகள் காலியான பிறகு மறுபடியும் அவற்றை நன்றாகப் பார்த்தோம். மதினி குறை சொல்லித் தேய்க்க வைத்த மூலை வழவழவென்று இருந்தது. மேஸ்திரி கடப்பாரையைக் கொண்டுவந்து போட்டார். கல்லை அள்ளிக் கொட்ட எங்களுக்குச் சட்டி கொடுத்தார்.

மதினி சட்டியை வாங்கவில்லை.

"நான் சுமந்த கல்லு. நான் அள்ள மாட்டேன்."

"ஏம்மா, இதுல என்ன வீம்பு? இன்னைக்கு இந்த வேலை, நாளைக்கு வேற வேலை."

"நாளைக்கு நீரே பாத்துக்கிடும் வே."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். "பிள்ளைக்குப் பீஸ் கெட்டணுமே மதினி" என்றேன். "கிட்னி போனா அதுக்கும் கெட்டணும்லா" என்றாள். கரிவலம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இப்போது பூக்கடை ஒன்றில் பூக் கட்டுகிறாள். உட்கார்ந்த வேலை, நிழல். கடைக்குப் பின்னால் ஒதுங்க இடம் இருக்கிறது. கிடைப்பது சித்தாள் கூலியில் பாதி கூடத் தேறாது. மகள் விடுதியை விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். மதினி என்னைக் குறை சொல்லவில்லை. எப்போது பார்த்தாலும், "கேஸ் என்னாச்சுட்டி?" என்று மட்டும் கேட்பாள். தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பேன். 

நான் அந்த வேலையை விடவில்லை. விட முடியாது. ஆண்கள் சுவரை உடைக்க, மற்றப் பெண்களோடு நானும் கல்லை அள்ளி ஓடைப் பள்ளத்தில் கொட்டினேன். பீங்கானை உடையாமல் பெயர்த்தெடுத்து லாரியில் ஏற்றினார்கள். கதவையும் ஏற்றினார்கள். குழியை மண் போட்டு மூடினார்கள்.

சில நாள் கழித்து அண்ணாச்சி வந்தார். மேலே மண்டபத்தில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், மேஸ்திரி, என்ஜினியர் தம்பி எல்லாரும் நின்றார்கள். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். 

"அண்ணாச்சி, கேஸுல கவர்மெண்டு ஜெயிச்சா கக்கூசைத் திரும்பக் கெட்டித் தருவீங்களா?"

 அவர் என்னை உற்றுப் பார்த்தார். படம் எடுத்தது யார் என்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கோபப்படவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

"அதுக்குள்ள இந்த வேலை முடிஞ்சிரும்மா."

மேஸ்திரி கீழே கிடந்த சட்டியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். மேலே பூச்சுக்குக் கலவை கேட்டுக் கொத்தனார் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சட்டியை எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.